பெயர் சொல்லும்வரை கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் கீழக்கரை. எண் காட்டும் சின்ன ரேடியோ ஒன்று வாங்கினேன். இரவில் மீடியம் வேவ் 882 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையம் பலமாகக் கேட்கிறது. தமிழில் பேசுகிறார்கள், அப்புறம் வேறு ஏதோ மொழி. பெயரே சொல்வதில்லை. ஐந்து நிமிடம் பதிவு செய்து ‘நம் கடலில் ரகசிய ரேடியோ’ என்று வாட்ஸப் குழுவில் போட்டேன். ரேடியோ கரோலின் மாதிரி கப்பலிலிருந்து வருகிறதா? உரிமம் இல்லாத ஏ.எம். நிலையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்பது குற்றமா?

எஸ்.

தம்பி,

கேட்பது குற்றமில்லை. ரேடியோ வைத்திருக்கவே தபால் நிலையத்தில் உரிமம் எடுத்த காலம் எண்பதுகளோடு போயிற்று. அதை விடுங்கள்.

882 இலங்கையின் புத்தளம். டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ என்ற கிறிஸ்தவ நிலையம், 400 கிலோவாட். தெற்காசிய மொழிகள் பலவற்றில் ஒலிபரப்புகிறது, மொழி மாறுவது அதனால்தான். கீழக்கரைக்குத் தென்கிழக்கே, இடையில் பெரும்பாலும் கடல். உப்புத் தண்ணீர் மேல் மீடியம் வேவ் தரையைவிட நன்றாகப் பாயும்.

கள்ள நிலையத்துக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வரும்? அது பெரும்பாலும் சன்னமாக, இரைச்சலோடு, அலைவரிசை நழுவிக்கொண்டே கேட்கும். நம் பக்கத்தில் மீடியம் வேவில் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை ஒன்பது ஒன்பதாகத்தான் நிலையங்களுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். 882 ஒன்பதால் வகுபடுகிறதே, அதைக்கூடப் பார்க்கவில்லையா? நெதர்லாந்திலும் கிரீஸிலும் உரிமம் இல்லாதவர்கள் 1602-க்கு மேலே போய் உட்காருகிறார்கள்.

கரோலினைச் சொன்னீர்கள். 1964-ல் இங்கிலாந்துக் கரைக்கு வெளியே கப்பலிலிருந்து பாடியது, 1967-ல் அதற்கு எதிராகச் சட்டமே வந்தது, இன்று உரிமத்தோடு 648-ல் இருக்கிறது. ஆனால் கள்ள நிலையமாக இருந்தபோதும் தன் பெயரை ஓயாமல் சொன்ன நிலையம் அது. நீங்கள் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுப் பெயரே இல்லை என்கிறீர்கள். நிகழ்ச்சி தொடங்கும்போதும் முடியும்போதும்தான் பெயர் வரும். அதுவரை உட்கார உங்களுக்குப் பொறுமை இல்லை. ரகசியம் என்று ஊருக்குச் சொல்ல மட்டும் அவசரம்.

எனக்குக் கோபம் வரக் காரணம் உண்டு. எண்பதுகளில் பாம்பனில் என் சித்தப்பா கரையில் வலை பின்னிக்கொண்டே ரேடியோ கேட்பார். ஒரு நாள் ஓர் அதிகாரி வந்து, ராத்திரியில் என்ன ரகசியச் செய்தி கேட்கிறாய் என்றார். ஓடியது சிலோன் ரேடியோ. “மணி அடிக்கட்டும் ஐயா, அவங்களே பேர் சொல்வாங்க” என்று சித்தப்பா கெஞ்சினார். சில நிமிடம்தான். அவர் நிற்கவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெட்டி திரும்பி வந்தபோது பின்மூடி இல்லை. சித்தப்பா சைக்கிள் டியூபை வெட்டிப் பேட்டரிகளைக் கட்டி வைத்திருந்தார், கடைசிவரை அப்படியே. இந்தக் கரையில் ஒரு வதந்திக்கு விலை கொடுப்பது கடலுக்குப் போகிறவன்தான். கீழக்கரைப் பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே!

திசை பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ரேடியோவுக்குள் படுக்கை வாட்டில் ஒரு கரிய ஃபெரைட் தண்டு இருக்கிறது, அதுதான் மீடியம் வேவுக்கு ஏரியல். பெட்டியைக் கையில் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் குரல் சட்டென்று அமுங்கும். அப்போது தண்டின் முனை நிலையத்தைக் காட்டுகிறது. இரண்டு முனையில் எது என்று அதிலேயே தெரியாது, ஆகவே மண்டபம் ஊருக்குப் போய் இன்னொரு முறை பாருங்கள். இரண்டு ஊரிலிருந்தும் தண்டு காட்டிய வாட்டில் வரைபடத்தில் கோடு போடுங்கள், இரண்டு கோடும் வெட்டுமிடம் நிலையம். வெளிச்சம் இருக்கும்போதே செய்யுங்கள். இருட்டினால் வானத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து குழப்பும்.

அந்தப் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். அது புத்தளம் என்று அதே குழுவில் எழுதுங்கள். மண்டபத்தில் கோடு எங்கே போனது என்று எனக்குக் கடிதம் போடுங்கள், காத்திருப்பேன்.