அந்த ஃபார்மில் முதல் வரியில் என்ன எழுதுவது?

அன்புள்ள ஐயா,

சென்னை ஓ.டி.ஏ.வில், ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், பயிற்சியில் இருக்கிறேன். வீடு பெங்களூரு, மர்பி டவுன். பி.காம் முடித்து சி.டி.எஸ். என்ற அதிகாரி நுழைவுத் தேர்வு எழுதி வந்தவன். உங்கள் அப்பா எம்.இ.ஜி.யில், அதாவது ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில், இருந்தவர் என்று படித்ததால் இதை உங்களிடம் கேட்கிறேன். எந்தப் பிரிவுக்குப் போக விருப்பம் என்று சீக்கிரமே எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா ஏ.எஸ்.சி. (உணவு, எரிபொருள் கொண்டுசேர்க்கும் பிரிவு) அல்லது ஆர்ட்னன்ஸ் (ஆயுதம், தளவாடம் சேமித்துக் கொடுக்கும் பிரிவு) போடச் சொல்கிறார். "எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான்டா" என்று போனில் அழுகிறார். கூட இருக்கும் பசங்களோ, காலாட்படை கேட்காதவன் இங்கே எதற்கு வந்தான் என்கிறார்கள். எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஸ்டோர் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், நானும் பட்டாளத்தில் இருந்தவன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? சப்போர்ட் என்றால் பாதிச் சிப்பாயா?

பெயர் வேண்டாம் ஐயா.

*

அன்புள்ள தம்பி,

நான் சீருடை போட்டவன் இல்லை. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், எம்.இ.ஜி.யின் பிகில் சத்தம் கேட்கும் தூரத்தில் வளர்ந்தவன், அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு கம்பி வைத்திருந்தார், ஒரு முழ நீளம், முனை கூராக இருக்கும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, தெருவில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஒரு சோப்பு டப்பாவைப் புதைத்துவிட்டு என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். கம்பியை நேராகக் குத்தக் கூடாது. முப்பது டிகிரி சாய்த்து மெதுவாக உள்ளே விட வேண்டும். கண்ணிவெடி மேலிருந்து அழுத்தினால்தான் வெடிக்கும், சாய்வாக விட்டால் கம்பி அதன் பக்கவாட்டில் போய் முட்டும். முட்டியதும் கையை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் எடுத்து, இரண்டு விரல் தள்ளி மறுபடியும். கால் மணி நேரத்தில் என் முழங்கை எரிந்தது, கழுத்து வலித்தது. டப்பா கிடைக்கவில்லை. "இதையே ராத்திரியில, மேலே குண்டு போயிட்டிருக்கும்போது செய்யணும்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், பசந்தர் ஆற்றங்கரையில் நடந்தது அதுதான். மெட்ராஸ் சாப்பர்களின், அதாவது எம்.இ.ஜி. பொறியாளர் படையினரின், 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் கண்ணிவெடி வயலில் டாங்கிகளுக்குப் பாதை வெட்டிக் கொடுத்தது. அந்தப் பாதை முழுதாகத் தயாராகும் முன்பே பூனா ஹார்ஸ் டாங்கிகள் அதில் புகுந்து அக்கரை போயின. அந்தச் சண்டையில் தன் டாங்கியிலேயே இறந்து பரம் வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பால் பெயர் எல்லாருக்கும் தெரியும், தெரியவும் வேண்டும். அவர் டாங்கி போன வழியைப் படுத்துக்கொண்டே திறந்தவர்களை உங்கள் ஃபார்ம் 'சப்போர்ட்' என்ற தலைப்பின் கீழ்தான் வைத்திருக்கிறது. அதற்கும் முன்னால், 1944 பிப்ரவரியில் இத்தாலியில், சுபேதார் சுப்ரமணியன் என்ற மெட்ராஸ் சாப்பர் தன் ஆட்களோடு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார். ஒன்று தூண்டப்பட்டுவிட்டது. வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. அவர் ஓடவில்லை, அதன் மேல் விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வந்தது. பாதிச் சிப்பாய் என்று அவரை யார் சொல்வது?

சரி, சாப்பர் வேறு, ஸ்டோர் கணக்கு வேறு என்பீர்கள். உங்கள் அம்மா சொல்லும் ஏ.எஸ்.சி.க்கே வருகிறேன். அதன் தலைமைப் பயிற்சி மையமும் நம் பெங்களூரில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏ.எஸ்.சி.யில் லாரி ஓட்டியவர். பனி விழுந்து கணவாய்கள் மூடும் முன் லடாக்குக்கு மாவு, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் ஏறிவிட வேண்டும். மேலே சியாச்சினில் மண்ணெண்ணெய் இல்லையென்றால் குளிர் காய வழியில்லை. பனியை உருக்க முடியாது, ஆகவே குடிக்கத் தண்ணீரும் இல்லை. அவர் ஜோஜிலா கணவாய் ஏறும்போது டயருக்குச் சங்கிலி கட்டுவதைச் சொல்வார். கையுறையோடு கொக்கி மாட்ட வராதாம், கழற்றினால் இரும்பு தோலோடு ஒட்டிக்கொள்ளுமாம். அந்தத் தழும்பு அவர் விரலில் இருந்தது. அந்த கான்வாய்க்குப் பொறுப்பு ஒரு லெஃப்டினென்ட், கிட்டத்தட்ட உங்கள் வயது. எண்ணிக்கையில் அவன் தப்புச் செய்தால், எங்கோ ஒரு பதுங்குகுழியில் பிப்ரவரி மாதம் அது தெரியும்.

இன்னொன்றை அம்மாவிடம் மறைக்காதீர்கள். ஏ.எஸ்.சி., ஆர்ட்னன்ஸ் போன்ற சர்வீஸஸ் பிரிவுகளுக்குப் போனால் துப்பாக்கிச் சத்தமே கேட்காது என்பது உண்மையில்லை. காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்க்கும் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் காலாட்படைக்காரர்கள் மட்டும் இல்லை, எல்லாப் பிரிவிலிருந்தும் அதிகாரிகள் போகிறார்கள். ஏ.எஸ்.சி., ஆர்ட்னன்ஸ் இளம் அதிகாரிகளைத் தொடக்கத்திலேயே ஒரு காலாட்படை பட்டாலியனோடு இணைத்து வைக்கும் வழக்கமும் உண்டு.

இதையெல்லாம் சொன்னதால், எல்லாம் ஒன்றுதான், எதைப் போட்டாலும் சரி என்று சொல்லவில்லை. ஒன்றே இல்லை. அதிகம் சாவது காலாட்படைதான். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மஹார் ரெஜிமென்ட், 1987 நவம்பரில் இலங்கையில் இறந்தார், பரம் வீர் சக்ரா. மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட், 2014 ஏப்ரலில் ஷோபியானில் 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸோடு இருந்தபோது இறந்தார், அசோக் சக்ரா. இருவரும் நீங்கள் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பரங்கிமலை மைதானத்தில் பயிற்சி பெற்றவர்கள். அம்மா அழுவது காரணமில்லாமல் இல்லை தம்பி. 'உனக்கு ஒன்றும் தெரியாதும்மா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பதவி உயர்வு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கட்டும். கார்கிலுக்குப் பிறகு, பட்டாலியன் தலைவர்களின் வயதைக் குறைக்க வேண்டும் என்று கர்னல் இடங்களைப் பிரித்தபோது காலாட்படைக்கும் பீரங்கிப் படைக்கும் அதிகம் போனது. வழக்காகி, 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. பிரிகேட், டிவிஷன் தலைமையும் ஏ.எஸ்.சி., ஆர்ட்னன்ஸ் காரர்களுக்குப் போவதில்லை. இன்ஜினியர்ஸிலிருந்தே ஒருவர் தலைமைத் தளபதியானது 2022-ல்தான், ஜெனரல் மனோஜ் பாண்டே. ஆனால் உங்களுடையது குறுகிய கால கமிஷன், 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 4. ஜெனரல் கனவை வைத்து இப்போது முடிவெடுக்க வேண்டாம்.

எதை வைத்து முடிவெடுப்பது? ஓய்வு பெற்ற அதிகாரிகள் பலரிடம் பேசியிருக்கிறேன். எல்லாரும் கடைசியில் சொன்னது, அவர்களைத் தூங்கவிடாமல் செய்த ஒரு கவலையைப் பற்றித்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கவலை இருக்கிறது. சாப்பருக்கு, நான் திறந்துவிட்ட வழி சுத்தமா, நான் போட்ட பாலம் தாங்குமா. சிக்னல்ஸ்காரருக்கு, லைன் உயிரோடு இருக்கிறதா. ஏ.எஸ்.சி.க்கு, கணவாய் மூடுமுன் எல்லாம் போய்ச் சேர்ந்ததா. காலாட்படை லெஃப்டினென்டுக்கு முப்பது பேர். ராத்திரி ரோந்து போனவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்களா, யாருடைய காலில் கொப்புளம், யார் வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்திருக்கிறது. அவர்கள் கர்வாலியோ டோக்ராவோ, அவர்கள் பேச்சை நீங்கள் கற்றுக்கொண்டு, அவர்கள் லங்கரில் சாப்பிட்டு, இந்தக் கவலையைப் பல வருடம் சுமக்க வேண்டும். அதற்கு ஆசைப்படுகிறீர்களா? அப்படியென்றால் காலாட்படையை முதல் வரியில் எழுதுங்கள், அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பசங்க கேலி செய்வார்கள் என்பதற்காக மட்டும் எழுதாதீர்கள். அந்த முப்பது பேரும் உங்கள் வெட்கத்துக்காக அங்கே வரவில்லை. கணக்கும் லாரியும் குளிர்காலமும்தான் உங்களை இழுக்கிறது என்றால், ஏ.எஸ்.சி.யை முதல் வரியில் எழுதக் கூச்சப்படாதீர்கள். ஒளிந்துகொள்ள இடம் தேடித்தான் அதை எழுதப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், மண்ணெண்ணெய்க்குக் காத்திருப்பவன் பாவம்.

உங்கள் பேட்ச் பெண்களின் ஃபார்மில் காலாட்படை என்ற வரியே இருக்காது. 2023 ஏப்ரலில்தான் பீரங்கிப் படைக்கு முதல் ஐந்து பெண் அதிகாரிகள் உங்கள் ஓ.டி.ஏ.விலிருந்தே போனார்கள். தேர்வு செய்ய முடிகிற இடத்தில் இருக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்புறம், நீங்கள் எழுதிக் கொடுப்பது விருப்பம் மட்டும்தான். மெரிட், காலியிடம் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கேட்டது கிடைக்காமலும் போகலாம். அதனால் இரண்டாவது, மூன்றாவது வரிகளையும் யோசித்து எழுதுங்கள்.

லீவில் வரும்போது அல்சூர் பக்கம் வாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அப்பாவின் கம்பி இன்னும் பரண் மேல் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்.