பனங்கூடலுக்குள் முளைக்கும் சின்னக் காளான்: கேள்வி பதில்

கேள்வி (கைதடி): மாரி மழைக்குப் பிறகு எங்கள் பனங்கூடலுக்குள் நகம் அளவு வெள்ளைக் காளான்கள் நூற்றுக்கணக்கில் முளைத்துக் கிடக்கின்றன. என்ன இது?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கறையான் காளான்களில் மிகச் சின்னதான டெர்மிடோமைசஸ் மைக்ரோகார்பஸ் போலிருக்கிறது. குடை ஒரு சென்ரிமீற்றர், மிஞ்சினால் இரண்டு, நடுவில் சின்னக் கூர். கறையான்கள் காய்ந்த ஓலை, மரம் எல்லாவற்றையும் மென்று புற்றுக்குள் ஒரு காளான் தோட்டமே வைத்திருக்கின்றன. மழை விழுந்ததும் அதில் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்து மண்ணில் போடும், அந்தத் துண்டுகளில்தான் இது முளைக்கிறது. மேலே புற்றுத் தெரியாவிட்டாலும் கீழே கறையான் இருக்கும்.

கேள்வி: பெரிய புற்றுக்காளானைப் பிடுங்கினால் நீள வேர் ஒன்று வருமே, இதில் இல்லை?

பதில்: பெரியவை ஆழத்தில் உள்ள தோட்டத்திலிருந்தே மேலே எழும்புவதால் அந்த வால். இது மேல்மண்ணிலேயே முளைப்பதால் தேவையில்லை.

கேள்வி: சிப்பிக் காளான் மாதிரி பையில் வளர்க்கலாமா?

பதில்: முடியாது. சிப்பிக் காளானுக்கு மரத்தூள் போதும், இதற்குக் கறையான் வேண்டும். இரண்டும் சேர்ந்து வாழத் தொடங்கி ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள். அதனால் வீட்டுக்குத் தூரத்தில் இருக்கும் புற்றை மண்ணெண்ணெய் ஊற்றி அழிக்காதீர்கள், அடுத்த மாரிக்குக் காளானும் வராது.

கேள்வி: வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நஞ்சில்லை என்று மாமி சொல்கிறா, சரியா?

பதில்: இல்லை, தயவுசெய்து நம்ப வேண்டாம். உள்ளிப்பூண்டு போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். புல்தரையில் பெரிதாக முளைக்கும் ஒரு வெள்ளைக் காளான், பார்க்க நல்லதாகவே இருக்கும், தின்றால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும். அதன் குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து இரவு முழுக்க வைத்தால் பச்சைத் தூள் விழும். ஆனால் பச்சை விழவில்லை என்பதற்காக வேறொன்றைத் தின்னக் கூடாது. உயிரை எடுக்கும் இனங்களின் நஞ்சு அவித்தாலும் போகாது, ஆறு மணித்தியாலம் கழித்துத்தான் வருத்தம் காட்டத் தொடங்கும், அதற்குள் ஈரல் பழுதாகத் தொடங்கியிருக்கும். சந்தேகம் வந்த உடனேயே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுங்கள், மிச்சக் காளானையும் கையோடு கொண்டுபோங்கள். படத்தைப் பார்த்து, தின்னலாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

கேள்வி: பட்ட மாமரக் குற்றியில் விசிறி மாதிரி, மயிர் படர்ந்த சாம்பல் காளான்?

பதில்: அது கறையானுடையது அல்ல, பட்ட மரத்தில் வளர்வது. அடியில் பாருங்கள், மடல்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் சுருண்டு கிடக்கும், மழை பட்டால் திரும்ப விரியும்.