நாடி 58-க்கு இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறார். இதயச் செயலிழப்பு என்றார்கள். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 30%. மெட்டோப்ரோலால் சாப்பிட ஆரம்பித்த பிறகு 92 இருந்த நாடித்துடிப்பு 58 ஆகிவிட்டது. "ரொம்பக் கொறஞ்சிருச்சுங்க, நிறுத்திப் பாருங்க" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். தலைசுற்றல், மயக்கம், புதிதாக வந்த அசதி எதுவும் இல்லையென்றால் 58 பயப்பட வேண்டிய எண் அல்ல. அட்ரினலினைத் தடுத்துத் துடிப்பைக் குறைப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை, அதைச் செய்கிறது.

பலவீனமான இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைவு. அதை ஈடுகட்ட உடல் அட்ரினலினைக் கூட்டி இதயத்தை விரட்டுகிறது. மாதக்கணக்கில் இப்படி ஓடினால் தசை மேலும் நலியும். 92-ல் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது சுமார் 0.65 விநாடி, 58-ல் ஒரு விநாடிக்குச் சற்று மேல். மிச்சமாகும் நேரம் பெரும்பாலும் இதயம் தளர்ந்து ரத்தம் நிரப்பிக்கொள்வதற்குப் போகிறது. இதயத் தசைக்கே ரத்தம் பாய்வதும் முக்கியமாக அப்போதுதான். சட்டென்று மாத்திரையை நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் எகிறும், மூச்சுத்திணறல் திரும்பலாம்.

எண்ணும் முறை சரிதானா என்று பாருங்கள். தறிக்குடோனிலிருந்து வந்த கையோடு எண்ணக் கூடாது. காலையில், காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஆக்ஸிமீட்டரை நம்பாதீர்கள். வலுவில்லாத துடிப்புகளை அது தவறவிட்டுக் குறைத்துக் காட்டும். அவருக்கு ஈசிஜி தேவை.

50-க்குக் கீழே போனால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா என்று அவர் முடிவுசெய்வார். மயங்கி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று: 58-ல் நின்ற நாடி சில நாளாக 80, 85 என்று ஏறியே இருந்தால் அதுதான் கவலை. மாத்திரை விட்டுப்போனதா, காய்ச்சலா, ரத்தசோகையா, தைராய்டா என்று பார்க்க வேண்டும். கூடவே 3 நாளில் எடை 2 கிலோ ஏறியிருந்தால் உடம்பில் நீர் தேங்குகிறது. அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் அப்பளமும் போதும், அதைத் தேக்கிவைக்க. அதைவிட, ஷிப்ட் முடிந்து உடம்புவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மோசம்: உப்பையும் நீரையும் பிடித்துவைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று அவருடைய டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.