ஒத்த மூட்டு மட்டும் வீங்குதா? நீர எடுத்து டெஸ்ட் பண்ணுங்க

கேள்வி: மூட்டுவாதத்துக்கு பயாலஜிக் ஊசி (எதிர்ப்பு சக்தியோட ஒரு பகுதிய அமுக்குற மருந்து) போடுறேன், கூடவே ஸ்டீராய்டு. மத்ததெல்லாம் நல்லாருக்கு, வலது முட்டி மட்டும் ரெண்டு மாசமா வீக்கம். காய்ச்சல் இல்ல. பழைய வியாதிதானே?

பதில்: அப்படி முடிவு பண்ணிடாதீங்க. மத்த மூட்டெல்லாம் அடங்கியிருக்கப்ப ஒண்ணு மட்டும் கெளம்புனா நான் முதல்ல கிருமியத்தான் சந்தேகப்படுவேன். காய்ச்சலும் சிவப்பும் நம்ம எதிர்ப்பு சக்தி காட்டுற வேலை, அதத்தான் மருந்து போட்டு அமுக்கி வெச்சிருக்கோமே, அதனால டிபியோ பூஞ்சையோ உள்ள இருந்தாலும் சத்தமே இல்லாம மாசக்கணக்குல மூட்ட அரிச்சுட்டு இருக்கும். ஊசி ஆரம்பிக்கிறப்ப டிபி டெஸ்ட் நெகட்டிவ்னு வந்திருந்தாலும் இப்ப அத நம்பி உக்காரக் கூடாது. மூட்டு நீர எடுத்துப் பாக்கணும், அதுவும் ஆன்டிபயாட்டிக் போடுறதுக்கு முன்னாடி. நல்ல நீர்னா சிரிஞ்சுக்குப் பின்னாடி வெச்ச அச்செழுத்த படிக்கலாம், கலங்கியிருந்தா எழுத்து மறைஞ்சிடும். ஒரு மைக்ரோலிட்டர் நீர்ல வெள்ளை அணு 50,000 தாண்டுனா சீழ்னு சந்தேகம் பலமாகும், ஆனா உங்கள மாதிரி ஆளுங்களுக்கு கம்மியா இருந்தாலும் விடக்கூடாது. அடுத்த பயாலஜிக் ஊசிக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசுங்க, ஸ்டீராய்ட நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க, அது ஆபத்து.

கேள்வி: கிட்னி மாத்தி வெச்சிருக்கேன். மீன் தொட்டி கழுவுறப்ப விரல்ல கீறல் பட்டுச்சு, இப்ப விரல் மூட்டு, மணிக்கட்டெல்லாம் வீக்கம். கல்ச்சர்ல (கிருமிய லேப்ல வளத்துப் பாக்குற டெஸ்ட்) ஒண்ணும் வரல.

பதில்: மீன் தொட்டிய பத்தி லேப்காரங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? மைக்கோபாக்டீரியம் மரினம்னு தண்ணில வாழுற கிருமி ஒண்ணு இருக்கு, அது 30 டிகிரி பக்கம்தான் நல்லா வளரும், லேப்ல வழக்கமா வெக்கிற 37 டிகிரில வெச்சா வராமலே போயிடும். "ஒண்ணும் வரல"ன்னா கிருமி இல்லன்னு அர்த்தம் இல்லீங்க. தனியா சொல்லி, குறைஞ்ச சூட்டுல, 6 வாரமாவது வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. தோட்ட வேலை, முள்ளு குத்துனதுன்னு எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, முள்ளு வழியா பூஞ்சையும் போகும்.

கேள்வி: என் பையனுக்கு பொறவிலேயே ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்குற புரதம்) கம்மி. மூட்டுல சீழ், பென்சிலின் வகை மருந்து கேக்கவே இல்ல.

பதில்: மைக்கோபிளாஸ்மா, யூரியாபிளாஸ்மான்னு ரெண்டு வகை கிருமி இருக்கு, அத பாத்தாங்களான்னு கேளுங்க. இதுங்களுக்கு செல் சுவரே கிடையாது, பென்சிலின் தாக்குறது அந்தச் சுவரத்தான், அப்புறம் எப்படி கேக்கும்? சாதாரண கல்ச்சர்லயும் வளராது, பிசிஆர் (கிருமியோட மரபணுவத் தேடுற டெஸ்ட்) வேணும்.

கேள்வி: வீக்கத்துக்கு மூட்டுலயே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கலாமா?

பதில்: கிருமி இல்லன்னு உறுதியாகுற வரைக்கும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மருந்து எவ்ளோ நாள்?

பதில்: கேண்டிடா பூஞ்சைக்கு சுமார் 6 வாரம், மூட்டு டிபிக்கு 6ல இருந்து 9 மாசம், சிலருக்கு அதுக்கும் மேல. வலி போயிடுச்சேன்னு பாதில விட்டுடாதீங்க.