கடல் கேள்வி - பதில்: தண்ணீருக்குள் திருத்தினால் கோபப்படுவார்களா?

கேள்வி: அண்ணா, வணக்கம். அந்தமான் ஹேவ்லாக் தீவில் டைவ் மாஸ்டர் (கடலுக்கடியில் டைவர்களுக்கு வழிகாட்டுபவர்) பயிற்சியில் இருக்கிறேன். பவளத்தைத் தொடக்கூடாது என்று படகிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். கீழே போனதும் ஒருவர் பாறையைப் பிடித்து நிற்கிறார், இன்னொருவர் மிதிக்கிறார். காசு கொடுத்து வந்தவர்களைத் தண்ணீருக்குள் வைத்துத் திருத்தினால் முகம் சுளிப்பார்களே என்று பயமாக இருக்கிறது. சீனியர்களும் ‘விட்டுடு’ என்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புதுச்சேரி

பதில்: தம்பி, விட்டுவிடாதீர்கள். இந்த விஷயத்தில் சீனியர்கள் சொல்வது தவறு. கரீபியன் கடலில் செயின்ட் லூசியா தீவில் 353 டைவர்களின் பின்னாலேயே போய், யார் எத்தனை முறை பவளத்தில் படுகிறார்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். 2004-ல் வந்த ஆய்வு அது. பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது பட்டிருக்கிறார்கள். படகில் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு வரி சொன்னதால் எந்த மாற்றமும் வரவில்லை. கூடவே வந்த வழிகாட்டி தண்ணீருக்குள் பார்த்து, அந்த இடத்திலேயே கை காட்டித் திருத்தியபோதுதான் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. நீங்கள் செய்யத் தயங்குகிற அந்த ஒரு வேலைதான் பலன் கொடுத்திருக்கிறது.

அதற்காக மேலே பேசுவது வீண் என்று அர்த்தமில்லை, பேசும் விதம் முக்கியம். எகிப்தில் ராஸ் முகமது தேசியப் பூங்காவில் 1990-களில் படங்களோடு முக்கால் மணி நேரம் விளக்கி, பிறகு தண்ணீருக்குள் கூட்டிப்போய் உயிருள்ள பவளம் எது, வெறும் பாறை எது என்று நேரில் காட்டினார்கள். ஏழு நிமிடத்துக்கு 1.4 தடவை பட்டுக்கொண்டிருந்தவர்கள் 0.4-க்கு வந்துவிட்டார்கள். உங்களுக்கு முக்கால் மணி நேரமெல்லாம் கிடைக்காது, தெரியும். பத்து நிமிடம் கிடைத்தால்கூட, ‘தொடாதே’ என்பதோடு ஏன் தொடக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். கல் மாதிரி தெரிகிற அந்த மேல்பரப்பு முழுவதும் மெல்லிய சதை, அது கிழிந்தால் அந்த இடத்தில் பாசி ஏறிக்கொள்ளும், குண்டாக உருண்டு கிடக்கிற பவளங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. இதைக் கேட்டவர் அப்புறம் கையை நீட்ட யோசிப்பார்.

கோபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பவளத்தில் அதிகம் படுவது கை அல்ல, காலில் மாட்டுகிற துடுப்பான ஃபின். பட்டது அந்த மனிதருக்கே தெரியாது. காலுக்கு அப்பால் ஒரு முழ நீளத்துக்கு ஃபின் நீண்டிருக்கிறது, அவர் முன்னால் இருக்கும் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பின்னால் ஒரு மான்கொம்புப் பவளத்தின் நுனி உடைந்து விழுகிறது. தெரியாமல் செய்கிறவரிடம் மெதுவாக ‘கொஞ்சம் மேலே வாங்க’ என்று கை காட்டினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்தச் சைகையைப் படகிலேயே காட்டி, ‘இப்படிக் காட்டினால் உங்கள் கால் பவளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், எல்லோருக்கும் காட்டுவேன்’ என்று சிரித்தபடி சொல்லி வையுங்கள். சைகை புதிதாக இல்லாதபோது அவமானமாகவும் இருக்காது.

இறங்கியவுடனே பவளத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். முதலில் மணல் திட்டுக்கு மேலே ஐந்து நிமிடம். மூழ்குவதற்காகக் கட்டுகிற ஈயம் யாருடைய இடுப்பில் அதிகம் என்று அங்கேயே தெரிந்துவிடும்: கால் தொங்கும், உடம்பு சாய்வாக நிற்கும், மிதப்பு ஜாக்கெட்டில் காற்றை விடுவதும் எடுப்பதுமாக இருப்பார். அவரிடமிருந்து ஒரு ஈயக் கட்டியைக் கழற்றி நீங்கள் வாங்கிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும், ஆனால் கடைசியில் டேங்க் காலியாகி லேசாகிக்கொண்டு வரும்போது அவரால் கீழேயே நிற்க முடியுமா என்பதையும் கணக்குப் பண்ணிவிட்டுக் கழற்றுங்கள். டேங்கில் காற்று எவ்வளவு என்று காட்டும் பிரஷர் கேஜும், அவசரத்துக்கு மூச்சு விட வைத்திருக்கும் உபரி ரெகுலேட்டரும் குழாயோடு கீழே தொங்கிக்கொண்டு பவளத்தின்மேல் இழுபட்டு வரும், அதைக் கிளிப்பில் மாட்டிவிடுங்கள். மேலும் கீழும் காலை அடிப்பதை விட்டு, தவளை மாதிரி பக்கவாட்டில் உதைக்கக் கற்றுக்கொடுங்கள், மணல் கிளம்பாது. கிளம்பிய மணல் பவளத்தின்மேல் படிந்தால் அது சளி சுரந்து தன்னைக் கழுவிக்கொள்ள வேண்டியிருக்கிறது, தினமும் நாற்பது ஐம்பது பேர் வருகிற இடத்தில் அது எவ்வளவு தாங்கும்? கேமரா வைத்திருப்பவரை உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லூசியாவிலும் அவர்கள்தான் அதிகம் பட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, இது உங்களுக்கே. வாடிக்கையாளர் குஷிப்படட்டும் என்று பேத்தை மீனைப் பிடித்து ஊதவைக்கிற வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அது விளையாடவில்லை. சாகப்போகிறோம் என்று நினைத்துத் தண்ணீரை விழுங்கி வீங்குகிறது. கம்பியால் குத்தி ஆக்டோபஸை வெளியே வரவைப்பதும், ஆமையைத் துரத்துவதும் இதே கதைதான். ஆமைக்கு மூச்சு விட மேலே போயாக வேண்டும், வழியை மறித்துக்கொண்டு எட்டு பேர் நின்றால் அது எங்கே போகும்? நீங்கள் தொட்டால் உங்கள் பின்னால் வருகிற அத்தனை பேரும் தொடுவார்கள்.

முறையாகக் கற்க ஆசை இருந்தால் ‘கிரீன் ஃபின்ஸ்’ என்ற திட்டத்தைப் பாருங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் ரீஃப்-வேர்ல்டு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துவது, 2004-ல் தாய்லாந்தில் ஆரம்பித்தது, பிலிப்பைன்ஸ், மலேசியா, மாலத்தீவு என்று பரவியிருக்கிறது. 15 நடத்தை விதிகள் வைத்திருக்கிறார்கள். உறுப்பினரான மையங்களின் படகிலேயே ஏறி, டைவையும் கூட இருந்து பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள், கடலுக்குச் செய்யும் கெடுதலுக்குத்தான் மதிப்பெண் என்பதால் அது குறையக் குறைய நல்லது. டைவ் வழிகாட்டிகளுக்கென்றே இணைய வழிப் பாடமும் இருக்கிறது.

கேள்வி: மாலத்தீவில் டைவ் பண்ணப் போகிறோம். கையுறை போடக்கூடாது என்கிறார்களே, கை கிழிந்தால்? திமிங்கலச் சுறாவின் பக்கத்தில் போகலாமா சார்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கையுறை போட்டால் தைரியமாகப் பிடிக்கத் தோன்றும், அதனால்தான் வேண்டாம் என்கிறார்கள். எதையும் தொடாவிட்டால் கை கிழியாது மேடம், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நீந்திப் பழகுங்கள். திமிங்கலச் சுறாவிடம் உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருங்கள், முன்னால் போய் மறிக்காதீர்கள், ஃபிளாஷ் வேண்டாம். சன்ஸ்கிரீனைக் குறைத்து முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் மையத்திடம் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், நங்கூரத்தைப் பவளத்தில் போடுகிறீர்களா அல்லது மிதவையில் கட்டுகிறீர்களா, மீனுக்குத் தீனி போடுவீர்களா? இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிற இடம் வேண்டாம்.

கேள்வி: அந்தமான் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த காய்ந்த பவளத் துண்டை எடுத்து வரலாமா? செத்ததுதானே?
– வாசகர், திருச்சி

பதில்: கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கிற அதே முதல் அட்டவணையில் 2001-லிருந்து பவளமும் இருக்கிறது, கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், செத்தது என்ற காரணம் அங்கே எடுபடாது. கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள், வேண்டுமானால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.