எதிர் வீட்டில் இ.பி.பி. ஃபைபர் இணையம், எங்கள் முகவரிக்கு மட்டும் இல்லையா?

உங்கள் கரண்ட் பில் எந்த மின் நிறுவனத்திடமிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். இ.பி.பி. தவிர வேறு நிறுவனம் என்றால், தெருவுக்கு அந்தப் பக்கம் ஃபைபர் ஓடினாலும் உங்களுக்குக் கிடைக்காது.

இ.பி.பி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள சாட்டனூகா நகரத்துக்குச் சொந்தமான மின் நிறுவனம். மின்கம்பங்களோடே ஃபைபரையும் இழுத்து 2010இல் வினாடிக்கு ஒரு கிகாபிட் வேக இணையம் கொடுத்தார்கள், ஆனால் தங்கள் மின்சார எல்லையைத் தாண்டிப் போக டென்னசி சட்டம் விடவில்லை. 2015இல் அமெரிக்க மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அந்தத் தடையை ஒதுக்கி வைத்தது, 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.சி.சி.க்கு அந்த அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டதால் தடை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்திலேயே கேபிள் தொங்க, வீட்டுக்குள் பிள்ளைகள் மெதுவான இணைப்போடு மல்லுக்கட்டுவது உண்மையிலேயே அநியாயம்.

வாடகையோடு கரண்ட் சேர்ந்திருந்து பில் கைக்கு வராவிட்டால், மீட்டர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

பில் இ.பி.பி.யுடையதாகவே இருந்தால் கதை வேறு. புது வீடு என்றால் முகவரி இன்னும் பதிவில் ஏறாமல் இருக்கலாம், அபார்ட்மென்ட் என்றால் கட்டட உரிமையாளர் சம்மதம் வேண்டியிருக்கும். இணையதளம் சொல்வதோடு விடாமல், பில்லில் உள்ள கணக்கு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போன் பண்ணிக் கேளுங்கள்.

பில் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தினுடையது என்றால் அவர்களையே கேளுங்கள், 2017 முதல் அவர்களும் இணையம் தரச் சட்டம் அனுமதிக்கிறது. எல்லாச் சங்கமும் தருவதில்லை, தந்தாலும் உங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் பழைய இணைப்பைத் துண்டியுங்கள்.