ஐந்து பேர், ஒரே சீன் கோப்பு

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பேர் இறுதியாண்டு புராஜெக்டாக யூனிட்டி கேம் எஞ்சினில் ஒரு த்ரீடி கேம் செய்கிறோம், ஆண்ட்ராய்டு போனுக்கு. கோட்டைக்குள் சுட்டுக்கொண்டே ஓடி வெளியேற வேண்டும். பத்து லெவல் திட்டம். மூன்று அரைகுறையாக நிற்கின்றன. லேப்டாப்பில் நன்றாக ஓடுவது போனில் திக்கித் திணறி, சில நிமிடத்தில் தானாகவே மூடிக்கொள்கிறது. தோட்டா சில நேரம் சுவரைத் தாண்டிப் போகிறது. கிட்டில் எல்லார் கோப்புகளையும் மெர்ஜ் செய்து ஒன்றாக்கும்போதெல்லாம் யாராவது ஒருவரின் வேலை காணாமல் போய், சண்டையே வந்துவிட்டது. வைவாவுக்கு ஏழு வாரம் இருக்கிறது. அன்ரியல் எஞ்சினுக்கு மாறிவிடலாமா?

இறுதியாண்டு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

மாற வேண்டாம். நீங்கள் சொல்லும் கோளாறுகள் எஞ்சினால் வந்தவை அல்ல, அங்கே போனாலும் கூடவே வரும். அன்ரியலில் லெவல் கோப்பு பைனரி, அதாவது வரி வரியாக ஒப்பிடக்கூடிய எழுத்து வடிவில் இல்லை என்பதால் கிட்டால் அதை மெர்ஜ் செய்யவே முடியாது.

முதலில் சண்டைக்கான காரணத்தைப் பார்ப்போம், ஏனென்றால் குழு உடைந்தால் மற்றது எதுவும் நடக்காது. ஒருவர் கதவை நகர்த்துகிறார், இன்னொருவர் விளக்கை மாற்றுகிறார். இரண்டும் லெவலில் உள்ள எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஒரே சீன் கோப்பில் விழுகின்றன. இரண்டு மாற்றமும் மோதி கான்ஃப்ளிக்ட் வந்ததும் ஒருவர் தன் பிரதியை வைத்துக்கொண்டால் மற்றவர் உழைப்பு போயிற்று. இதில் யார் மேலும் தவறில்லை. கதவு, எதிரி, விளக்கு எல்லாவற்றையும் தனித்தனி ப்ரீஃபாபாக, அதாவது தனிக் கோப்பில் இருக்கும் அச்சாக மாற்றுங்கள். லெவலையும் கட்டடம், விளக்கு, எதிரிகள் என்று மூன்று சீன்களாகப் பிரித்து, ஓடும்போது அடிட்டிவ் முறையில், ஒன்றோடொன்று சேர்த்து ஏற்றுங்கள். ஒரு சீனை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொட வேண்டும். தொடுமுன் குரூப்பில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

அசெட் (மாடல், படம், ஸ்கிரிப்ட் போன்றவை) சீரியலைசேஷன், கோப்பை எழுத்து வடிவில் சேமிக்கும் 'ஃபோர்ஸ் டெக்ஸ்ட்'டில் இருக்கிறதா என்று பாருங்கள். யூனிட்டி தானே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும் லைப்ரரி, டெம்ப் ஃபோல்டர்கள் கிட்டுக்குள் போகக் கூடாது. மெட்டா கோப்புகள் கட்டாயம் போக வேண்டும்: ஒவ்வொரு அசெட்டின் அடையாள எண்ணும் அதில்தான் இருக்கிறது. அது விடுபட்டால் அடுத்தவர் கணினியில் புது எண் உருவாகி, 'மிஸ்ஸிங் ஸ்கிரிப்ட்' என்று வரும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது; மாடல், ஒலிக் கோப்புகளை, பெரிய கோப்புகளுக்கான கிட் எல்எஃப்எஸ்ஸில் வையுங்கள்.

தோட்டா விஷயம் வெறும் கணக்கு. யூனிட்டியின் இயற்பியல் இயல்பாக 0.02 விநாடிக்கு ஒருமுறை கணக்கிடுகிறது. விநாடிக்கு 60 மீட்டர் போகும் தோட்டா ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 1.2 மீட்டர் கடந்துவிடும். சுவர் 20 செ.மீ. தடிமன் என்றால், முந்தைய கணக்கில் இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். மோதல் பதிவாகவே இல்லை. தோட்டாவை இயற்பியலுக்கு உட்படுத்தும் ரிஜிட்பாடியில் கலிஷன் டிடெக்‌ஷனை 'கன்டின்யூவஸ்' ஆக்கினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மில் இருக்கும் இடத்தை நேரடியாக மாற்றித் தோட்டாவை நகர்த்தினால் அது பயன்படாது. இவ்வளவு வேகத்துக்கு, முந்தைய இடத்திலிருந்து இப்போதைய இடம்வரை ஒரு ரேகாஸ்ட், அதாவது நடுவில் எதுவும் இருக்கிறதா என்று பார்க்கும் கோடு போடுவதே நம்பகமானது.

போனுக்கு வருவோம். விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லி விநாடி. போன் சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆகவே 22 மில்லி விநாடிக்குள் முடிக்கப் பாருங்கள். சோதனைக்கான டெவலப்மென்ட் பில்ட் எடுத்து, எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ப்ரொஃபைலரைப் போனுடன் இணைத்து அளந்த பிறகே எதையும் மாற்றுங்கள். லேப்டாப்பில் அளந்தால் உண்மை தெரியாது. படம் வரையப்படும் அளவான ரெண்டர் ஸ்கேலைப் பாதியாக்கியதும் வேகம் கூடினால் சிக்கல் படம் வரையும் சிப்பான ஜிபியுவில். அசையாத கோட்டைச் சுவர்களுக்கு ரியல்டைம் நிழல் தேவையில்லை, விளக்கை பேக் செய்யுங்கள், அதாவது ஒளியை முன்பே கணக்கிட்டுப் பதித்துவிடுங்கள். சுடும்போது மட்டும் திக்கினால், தோட்டாவை உருவாக்கி அழிப்பதால் சேரும் குப்பை நினைவகமே காரணமாக இருக்கும். முப்பது தோட்டாக்களை முன்பே செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

தானாக மூடிக்கொள்வதற்குப் பெரும்பாலும் மாடல்கள் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சர்தான் காரணம். கம்ப்ரெஷன் இல்லாத 4096x4096 பிக்சல் டெக்ஸ்சர் ஒன்று 64 எம்பி. தூரத்தில் காட்டுவதற்கான சிறிய பிரதிகளான மிப்மேப் சேர்த்தால் சுமார் 85. இருபது இருந்தால் 1.7 ஜிபி. 4 ஜிபி போனில் ஆண்ட்ராய்டு உங்கள் கேமை நிறுத்திவிடும். அதையே 1024 ஆக்கி ஏஎஸ்டிசி 6x6 கம்ப்ரெஷன் கொடுத்தால் மிப்மேப்போடு ஏறத்தாழ 0.6 எம்பிதான். சின்னத் திரையில் வித்தியாசம் அதிகம் தெரியாது. 'ரீட்/ரைட்' டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது நினைவகத்தில் இன்னொரு பிரதியை வைத்திருக்கும்.

பத்து லெவல் இந்த ஏழு வாரத்தில் முடியாது. ஒன்றை முடியுங்கள், முழுமையாக. அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005இல் வெளியிட்ட 'நர்பாகுலர் ட்ராப்' விளையாட்டின் இளவரசிக்குத் தாவவே தெரியாது. இரண்டு வாசல்களை இணைத்து அதன் வழியே போவது ஒன்றுதான் விளையாட்டு. அந்த ஒன்றைப் பார்த்துத்தான் வால்வ் நிறுவனம் அந்த மாணவர்களை வேலைக்கு எடுத்தது. 2007இல் 'போர்ட்டல்' வந்தது. உங்கள் கோட்டையில் எது சுவாரசியம், ஓடுவதா சுடுவதா என்று ஐவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மற்ற இரண்டு லெவல்களையும் கிட்டில் தனி பிராஞ்சில் (கிளையில்) வைத்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் கிட்டும் போனும் மட்டும். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பில்ட், உங்களிடம் இருப்பதிலேயே விலை குறைந்த போனில். ஜூனியர்கள் நான்கைந்து பேர் கையில் கொடுத்து, வாய் திறக்காமல் அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். கடைசி இரண்டு வாரம் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ப்ரொஃபைலர் படங்களை ரிப்போர்ட்டில் வையுங்கள்; வைவாவில் கேட்கப்படும் பாதிக் கேள்விக்கு அதுவே பதில். கேமை நிறுவும் ஏபிகே கோப்பை வைவாவுக்கு முந்தைய நாளே இரண்டு போன்களில் ஏற்றி, முழு லெவலையும் விளையாடி ஒரு வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.